லேப்டாப் மேல் ஏன் இத்தனை கோபம்? சிஎஸ்கே ரசிகரின் ஆதங்கமும் நம்ம வீட்டுப் பிள்ளைகளின் முதுகும்

ஐபிஎல் சீசனில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து ஆவடி ரயிலில் ஏறினால், பெட்டிக்குள் பாதிப் பேர் கையில் போன், போனில் மேட்ச். 2025 சீசனில் அந்த போன்களைப் பார்த்தவர்களுக்குப் புலம்புவதற்குத்தான் நேரம் சரியாக இருந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே ஜெயித்து, வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடம் பிடித்தது. சேப்பாக்கத்தில் 2008-க்குப் பிறகு பெங்களூரிடமும், 2010-க்குப் பிறகு டெல்லியிடமும் முதல்முறையாகத் தோற்றது.

தோல்வி விளையாட்டில் சகஜம். ஆனால், ரசிகர்களின் கோபம் வேறு இரண்டு விஷயங்கள் மீது. ஒன்று, களத்தில் நிற்கிறவனைப் பார்க்காமல் லேப்டாப்பைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்பது. இன்னொன்று, இவ்வளவு கணக்கு பார்த்தும் வீரர்கள் வரிசையாகக் காயத்தில் படுக்கிறார்களே என்பது. இந்த இரண்டு கோபத்திலும் எவ்வளவு நியாயம்?

கான்வேயை ஏன் கூப்பிட்டார்கள்?

2025 ஏப்ரல் 8. பஞ்சாப் அணி 219 ரன் குவித்திருந்தது. துரத்திய சென்னைக்காக டெவான் கான்வே 49 பந்தில் 69 ரன் எடுத்து நின்றார். கடைசிக் கட்டத்தில் அவரை 'ரிட்டையர்டு அவுட்' முறையில் வெளியே அழைத்துவிட்டு ஜடேஜாவை இறக்கினார்கள். அடிபட்டதால் அல்ல, மிச்சமிருக்கும் பந்துகளில் அடுத்து வருபவர் வேகமாக அடிப்பார் என்ற கணக்கு. சென்னை 18 ரன்னில் தோற்றது. அதற்கு நான்கு நாள் முன்புதான் மும்பை அணி திலக் வர்மாவை இதே போல வெளியே எடுத்து, லக்னோவிடம் 12 ரன்னில் தோற்றிருந்தது.

'அறுபது ரன் அடிச்சு கண்ணு செட்டானவனை எவனாவது வெளிய கூப்பிடுவானா?' என்பது ரசிகரின் கேள்வி. ஆனால், இந்த உத்தியை ஐபிஎல்லில் முதலில் செய்து காட்டியவர் நம்ம ஊர் ரவிச்சந்திரன் அஸ்வின். 2022 ஏப்ரல் 10 அன்று ராஜஸ்தானுக்காக ஆடியபோது தானாகவே வெளியேறி, அடுத்தவருக்கு இடம் கொடுத்தார். அந்த ஆட்டத்தில் ராஜஸ்தான் 3 ரன்னில் ஜெயித்தது. அன்றைக்குப் பலரும் புத்திசாலித்தனம் என்று பாராட்டினார்கள்.

ஜெயித்தால் மூளை, தோற்றால் லேப்டாப்! உண்மையில் புள்ளிவிவரம் தருவது வாய்ப்பை மட்டும்தான். நூற்றுக்கு அறுபது தடவை பலிக்கும் முடிவு, மீதி நாற்பது தடவை கவிழத்தான் செய்யும். அந்த நாற்பதில் ஒன்று நம் கண் முன்னால் நடக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

இந்தக் கலாசாரம் எங்கிருந்தோ வந்து நம் தலையில் விழுந்ததும் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் இந்திய அணியோடு லேப்டாப்புடன் பயணித்த எஸ்.ராமகிருஷ்ணன் சென்னைக்காரர்தான்.

14 கோடி, ஒரு பந்துகூட இல்லை

இரண்டாவது கோபம் காயம் பற்றியது. 2022-ல் தீபக் சாஹரை 14 கோடி ரூபாய்க்கு வாங்கியது சென்னை. தொடைத் தசையிலும் பிறகு முதுகிலும் பிரச்னை. அந்த சீசனில் ஒரு பந்துகூட அவர் வீசவில்லை. 2023-ல் பென் ஸ்டோக்ஸுக்கு 16.25 கோடி. ஆடியது இரண்டே ஆட்டம், வீசியது ஒரே ஓவர். 2025-ல் கேப்டன் ருதுராஜ் கெய்க்வாடுக்கு முழங்கையில் எலும்பு முறிவு. தமிழ்நாட்டின் இடக்கை வேகம் குர்ஜப்னீத் சிங் ஒரு ஆட்டம்கூட ஆடாமலே விலகினார்.

இவற்றை எல்லாம் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. ருதுராஜுக்கு நேர்ந்தது விபத்து. கவுகாத்தியில் பந்து முழங்கையில் பட்டது. அதை எந்தக் கணக்காலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால், வேகப்பந்து வீச்சாளரின் முதுகு ஒரே நாளில் உடைவதில்லை. அது நாள்கணக்கில், பந்துக்கணக்கில் தேய்கிறது. இங்கேதான் எண்ணிக்கை உதவ வேண்டும்.

பும்ராவின் ஓய்வும் சிராஜின் 1,113 பந்துகளும்

2025 இங்கிலாந்து தொடரில் ஐந்து டெஸ்ட்டில் மூன்றில் மட்டுமே பும்ரா ஆடுவார் என்று முன்கூட்டியே முடிவானது. 'வொர்க்லோடு மேனேஜ்மென்ட்' என்ற வார்த்தை டீக்கடை வரை வந்தது அப்போதுதான். வேடிக்கை என்னவென்றால், அவர் ஆடாத இரண்டு டெஸ்ட்டிலும்தான் இந்தியா ஜெயித்தது. ஐந்திலும் ஆடிய சிராஜ் 185.3 ஓவர், அதாவது 1,113 பந்துகள் வீசி 23 விக்கெட் எடுத்தார். ஓவலில் 6 ரன்னில் வென்ற கடைசிப் பந்தும் அவருடையதே.

'பார்த்தியா, ஓய்வெல்லாம் சும்மா' என்று ரசிகர்கள் பொங்கினார்கள். ஆனால், பும்ராவின் கதையையும் பார்க்க வேண்டும். 2023 மார்ச்சில் அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் 150 ஓவருக்கு மேல் வீசி 32 விக்கெட் எடுத்தவர், சிட்னியில் கடைசி இன்னிங்ஸில் பந்தே வீச முடியாமல் உட்கார்ந்தார். அதன் பிறகு சாம்பியன்ஸ் டிராபியும் போனது. ஒருவர் உடம்பு தாங்கிவிட்டது என்பதற்காக இன்னொருவர் உடம்பும் தாங்கும் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் ரசிகரின் கோபம் முழுக்கத் தப்பா? அதுவும் இல்லை. 2025 ஐபிஎல் இறுதிப் போட்டி ஜூன் 3. முதல் டெஸ்ட் ஜூன் 20. ஆட்டத்துக்கு 4 ஓவர் வீசிப் பழகிய உடம்பு, 17 நாளில் ஒரே நாளில் 20 ஓவர் வீசத் தயாராக வேண்டும். திடீரென்று சுமை கூடுவதுதான் பவுலருக்கு அதிக ஆபத்து என்று விளையாட்டு மருத்துவர்கள் சொல்கிறார்கள். எந்த ஆட்டத்தில் ஒருவரை உட்கார வைக்கலாம் என்று கணக்கு பார்க்கிறவர்கள், ஆட்டங்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாமா என்று மட்டும் பார்ப்பதில்லை. 2022-லிருந்து ஐபிஎல் 74 ஆட்டங்கள்.

விலை கொடுப்பவர் யார்? ஷிப்ட் மாற்றி, ஆவடியிலிருந்து சென்ட்ரல், அங்கிருந்து பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் போய், ராத்திரி கடைசி வண்டிக்கு ஓடுகிற ரசிகர். அவர் பார்க்க வந்த ஆள் அன்றைக்கு ஓய்வில் இருப்பார். ஏன் என்று யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

வேகத்துக்கு விலை

அமெரிக்காவின் பேஸ்பால் ரசிகர்கள் இதே புலம்பலை நமக்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே பந்து எறிபவரை 'பிட்ச்சர்' என்பார்கள். முழங்கைத் தசைநார் கிழிந்து அவர்கள் செய்துகொள்ளும் அறுவை சிகிச்சைக்கு 'டாமி ஜான்' என்று பெயர். 1974-ல் முதலில் அதைச் செய்துகொண்ட வீரரின் பெயர் அது. இப்போது ஒவ்வொரு பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் கருவி அளக்கிறது. எத்தனை பந்து எறியலாம் என்றும் எண்ணுகிறார்கள். ஆனாலும் காயம் குறையவில்லை. 2024 டிசம்பரில் அங்குள்ள மேஜர் லீக் அமைப்பே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டு, மேலும் மேலும் வேகத்தைத் துரத்துவதுதான் முக்கியக் காரணம் என்றது. அளக்கிற கருவியே இளைஞர்களை 'இன்னும் வேகமா' என்று விரட்டுகிறது. உடைந்த பிறகு அதே கருவியை வைத்து ஓய்வு கொடுக்கிறார்கள்.

நம்ம கிரிக்கெட்டிலும் 145 கிலோமீட்டர் வேகம் என்றால் ஏலத்தில் விலை ஏறுகிறது. அதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள்தான் உண்மையான கவலை.

ஆவடி மைதானத்தில் யார் எண்ணுகிறார்கள்?

வேகமாக வீசும்போது, முன்காலை ஊன்றும் கணத்தில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை ஏறுகிறது. அதே நொடியில் முதுகு வளைந்து, திரும்பி, பக்கவாட்டில் சாய்கிறது. இது திரும்பத் திரும்ப நடந்தால் கீழ் முதுகெலும்பில் மெல்லிய விரிசல் விழும். எலும்பு முழுசாக முதிராத 13 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல். டென்னிஸ் லில்லியே 1973-ல் இந்த முதுகு முறிவால் படுத்து, வீசும் முறையை மாற்றிக்கொண்டு திரும்பியவர். 1987-ல் சென்னையில் எம்.ஆர்.எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கியபோது பயிற்சியளிக்க வந்தவரும் அவரே.

திருமுல்லைவாயில், பட்டாபிராம், பூந்தமல்லி எங்கே பார்த்தாலும் இன்று கோச்சிங் வலைகள். ஒரு பையன் காலையில் பள்ளி அணிக்கு வீசுகிறான், மாலையில் கோச்சிங்கில் வீசுகிறான், ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமென்ட்டில் வீசுகிறான். மூன்று இடத்திலும் தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள். மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பார்க்க யாருமில்லை. நன்றாக வீசுகிற பையனிடம்தான் எல்லோரும் பந்தைக் கொடுப்பார்கள் என்பதால் சுமை முழுக்க அவன் மேல்தான்.

இங்கிலாந்து வாரியம் நெடுங்காலமாகப் பின்பற்றிவந்த வழிகாட்டுதல் இது: 13 வயது வரை வேகப்பந்து வீசும் பிள்ளை தொடர்ச்சியாக 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர். 14, 15 வயதுக்குத் தொடர்ச்சியாக 6, ஒரு நாளில் 12. இதற்கு லேப்டாப் தேவையில்லை. சமையலறைக் காலண்டரில் அந்தந்தத் தேதியில், வலைப்பயிற்சியும் சேர்த்து, எத்தனை ஓவர் என்று எழுதினால் போதும். பரீட்சை முடிந்து லீவு விட்ட முதல் வாரத்தில் எண்ணிக்கை திடீரென்று இரண்டு மடங்கானால், உடனே குறையுங்கள்.

கீழ் முதுகில் ஒரு பக்கமாக வலி, பின்னால் வளையும்போது அது கூடுகிறது, மறுநாளும் போகவில்லை என்றால் தைலம் தேய்த்து அனுப்பாதீர்கள். பந்துவீச்சை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். பூந்தமல்லிக்குப் பக்கத்திலேயே போரூர் ஸ்ரீராமச்சந்திராவில் விளையாட்டு மருத்துவத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது. 2015-ல் சுனில் நரைன், 2024-ல் ஷகிப் அல் ஹசன் ஆகியோரின் பந்துவீச்சு முறை சோதிக்கப்பட்டது இங்கேதான். அரசு மருத்துவமனைகளின் எலும்பு சிகிச்சைப் பிரிவிலும் காட்டலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஓய்விலேயே எலும்பு கூடிவிடும். வலியோடு வீசினால் மாதக்கணக்கில் படுக்க வேண்டியிருக்கும்.

எண்ணுவது குற்றமில்லை. எண்ணிக்கையை வைத்து யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்பதுதான் கேள்வி. ரசிகர் கோபப்பட வேண்டியது லேப்டாப் மீது அல்ல, ஓய்வுக்கு இடமில்லாமல் அடைக்கப்பட்ட அட்டவணை மீது. அதை மாற்றுவது நம் கையில் இல்லை. வீட்டுக் காலண்டர் நம் கையில் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பையன் மேட்ச் முடிந்து வந்ததும், 'எத்தனை விக்கெட்டுப்பா?' என்று கேட்கும்போதே, 'எத்தனை ஓவர் போட்ட?' என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.