முக்திநாத் போகிறீர்களா?

முகப்பேர் சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலில் பிரதட்சிணம் வரும் பெண்மணிகளிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். நூற்றெட்டு திவ்ய தேசங்களில் எத்தனை சேவித்தாயிற்று என்ற கணக்கு எப்படியும் வந்துவிடும். "தெற்கே எல்லாம் ஆச்சு மாமி, முக்திநாத்தான் பாக்கி" என்பார் ஒருவர். இப்போது அது பெரிய காரியமும் அல்ல. அறநிலையத் துறை மானியம் தருகிறது. யாத்திரைக் கம்பெனிக்காரர்கள் நேபாளத்திலும் ரசம் சாதம் போடுகிறார்கள். ஏறி உட்கார வேண்டியதுதான் பாக்கி!

சங்கடமே அந்தச் சௌகரியத்தில்தான் இருக்கிறது. பொக்காரா நகரம் சுமார் 2,700 அடி உயரத்தில் உள்ளது. காலையில் அங்கே விமானம் ஏறினால் இருபது நிமிஷத்தில் ஜோம்சோம். உயரம் ஏறக்குறைய 9,000 அடி. அங்கிருந்து ஜீப்பில் போனால் மதியத்துக்குள் 12,000 அடிக்கு மேலே முக்திநாத். அந்த நாளில் காளி கண்டகி நதிக்கரையோடு நாள் கணக்கில் நடந்து போனார்கள். கால் வலித்தது, வாஸ்தவம். ஆனால் உடம்புக்கு அவகாசம் கிடைத்தது. நாம் கால் வலியை மிச்சம் பிடித்து அவகாசத்தைத் தொலைத்துவிட்டோம்.

மலைமேல் காற்றில் பிராணவாயு குறைவு என்கிறோம். உண்மையில் முகப்பேரானாலும் முக்திநாத்தானாலும் காற்றில் அது 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். அதனால் ஒரு மூச்சுக்கு நமக்கு இங்கே கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். சமையலறைக் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும்: அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரிச் சூட்டிலேயே தளதளவென்று கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசி வேகுமா? மணிக்கணக்கில் அடுப்பெதிரே நிற்க வேண்டியதுதான்.

நம் உடம்பு இதைச் சமாளிக்கத் தெரிந்தது. முதலில் மூச்சை வேகப்படுத்துகிறது. அப்படி மூச்சு விடுவதால் ரத்தத்தின் குணம் கொஞ்சம் மாறுகிறது. அதைச் சரிக்கட்டச் சிறுநீரகங்கள் இரண்டு மூன்று நாள் உழைக்கின்றன. அடிக்கடி சிறுநீர் போகிறதே என்று பயப்பட வேண்டாம்; வேலை நடக்கிறது என்று அர்த்தம். ராத்திரியில் பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சு சில விநாடி நின்று, பிறகு பெரிதாக வரும். அதுவும் அந்த உயரத்தில் சகஜம். ரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரக் கணக்காகும்.

"நான் தினமும் நாலு மாடி ஏறி இறங்குகிறேனே!" என்பீர்கள். காலுக்கு நல்லது; ஆனால் இந்த நோய் உடற்கட்டைப் பார்த்து வருவதில்லை. 1962-ல் சீனாவுடன் போர் மூண்டபோது, சமவெளியிலிருந்த சிப்பாய்களை அவசர அவசரமாக மலைக்கு ஏற்றினார்கள். திடகாத்திரமான வாலிபர்கள் தலைவலியும் வாந்தியுமாகச் சுருண்டார்கள். இந்தர் சிங் என்ற ராணுவ டாக்டரும் அவருடைய சகாக்களும் இப்படி நோயுற்ற 1,925 பேரைப் பற்றி 1969-ல் எழுதிய கட்டுரையை உலகத்து டாக்டர்கள் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். இப்போது ராணுவத்தில், 9,000 அடிக்கு மேலே போகிறவரை முதல் ஆறு நாள் அங்கேயே நிறுத்திப் பழக்குகிறார்கள். அதில் முதல் இரண்டு நாள் வெறும் ஓய்வு!

தொந்தரவு ஏறியவுடனே தெரிவதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தலை காட்டும். தலைவலி, குமட்டல், சோற்றைக் கண்டால் வெறுப்பு, அசதி. இங்கேதான் நம் பெண்களை நினைத்து எனக்குக் கவலை. வீட்டில் தலைவலி என்றால் ஒரு வாய்க் காப்பியோடு யாருக்கும் சொல்லாமல் வேலை பார்த்துப் பழகியவர்கள். "என்னால் எல்லாருடைய யாத்திரையும் கெடுவானேன்?" என்று அங்கேயும் வாயை மூடிக்கொள்வார்கள். தயவுசெய்து மூடாதீர்கள்! சொன்னால் அன்று மேலே ஏறாமல் நின்று விடலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். மறைத்துக்கொண்டு ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், பேச்சுத் தடுமாற்றம் - இவை அபாயக் குறிகள். சந்தேகம் வந்தால், குதிகாலை முன்விரல்களோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே கீழே இறக்க வேண்டும். பிராணவாயு உருளையும் மருந்தும் துணைதான், இறங்குவதே வைத்தியம்.

மலையேறுகிறவர்கள் உயர ஏறுவார்கள், தாழ இறங்கித் தூங்குவார்கள். 2023 மே 23 அன்று எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த நம் முத்தமிழ்ச்செல்வியைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிகரத்துக்குப் போகிறவர்கள் வாரக் கணக்கில் முகாம்களுக்கு ஏறியும் இறங்கியும் உடம்பைப் பழக்குகிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஜோம்சோமில் ஓரிரு இரவு தங்கி, முக்திநாதரைச் சேவித்து அன்றே ஜோம்சோமுக்குத் திரும்பினால் நல்லது. மானசரோவர் போகிறவர்களுக்கு இது போதாது. ஏரியே 15,000 அடி உயரத்தில் இருக்கிறது. 10,000 அடிக்கு மேல், தூங்கும் இடத்தை நாளொன்றுக்கு 1,600 அடிக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை ஓய்வு நாளும் வேண்டும்.

அசெடசோலமைடு என்றொரு மாத்திரை உண்டு. உடம்பு பழகுவதைத் துரிதப்படுத்தும். பக்கத்து வீட்டு அம்மாள் சாப்பிட்டார் என்று வாங்கிவிடாதீர்கள், சிலருக்கு ஒவ்வாது. இருதயக் கோளாறு, ஆஸ்துமா, ரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

யாத்திரைக் கம்பெனியிலும் இரண்டு கேள்வி கேளுங்கள். ஜோம்சோமில் எத்தனை இரவு தங்குவோம்? யாருக்காவது முடியாமல் போனால், அவரை அழைத்துக்கொண்டு கீழே இறங்குவது யார்?