குழந்தைக்கு ஒரு மூங்கில் வில்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நம் சிற்றூர்ப் பிள்ளைகள் தாமாகவே செய்துகொள்ளும் விளையாட்டுப் பொருள்களுள் வில்லும் அம்பும் முதன்மையானவை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியில், குமாரலிங்கபுரம் போன்ற ஊர்களில், இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. கிழிந்த குடையிலிருந்து ஒரு கம்பி, எங்கோ கண்டெடுத்த நைலான் நூல், அம்மா பாராத வேளையில் விளக்குமாற்றிலிருந்து உருவிய நாலைந்து ஈர்க்குகள். பத்து நிமிடங்களில் வில் ஆயத்தம். தெருவில் மேயும் கோழிகளுக்கு அன்று போதாத காலம்.

பெற்றோரில் பலர் இதைக் கவனிப்பதேயில்லை. கவனிப்பவர்களோ வில்லைப் பிடுங்கி முறித்து அடுப்பில் போட்டுவிடுகின்றனர். முறிக்கப்பட்ட வில்லுக்குப் பதிலாக மறுநாளே கோவில் மதிற்சுவருக்குப் பின்னால் இன்னொன்று பிறந்துவிடும் என்பது பங்குப் பணியில் நான் கண்ட உண்மை. ஒளித்துச் செய்யப்படும் அந்த இரண்டாவது வில்லே அதிக அபாயமுடையது. ஆகவே தடுப்பதைவிட, தந்தையோ தாய்மாமனோ தாத்தாவோ பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு தம் கையாலேயே ஒரு நல்ல வில்லைச் செய்து கொடுப்பது மேல் என்பது என் கருத்து.

அபாயம் என்றேனே, அது கண்ணுக்கு நேரும் அபாயம். ஈர்க்கு எடையற்றதுதான், ஆனால் அதன் முனை ஊசிக்கு நிகரானது. விழியின் முன்புறம் கண்ணாடிபோல் விளங்கும் படலத்தின் தடிப்போ ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். ஈர்க்கு அதைத் துளைத்துவிட்டால் உள்ளிருக்கும் லென்சு கலங்கிப் புரையாகும். ஈர்க்கோடு சென்ற அழுக்கு விழியைச் சீழ்பிடிக்கச் செய்யும். 1987, 1988 ஆம் ஆண்டுகளில் இராமாயணத் தொடர் தூர்தர்ஷனில் ஒளிபரப்பானபோது, நாடெங்கும் சிறுவர்கள் விளக்குமாற்று ஈர்க்கை அம்பாக்கி விளையாடினர். கண்ணில் அம்பு பாய்ந்த குழந்தைகளைப் பற்றிக் கண் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுத வேண்டிய நிலை வந்தது. 2020 இல் ஊரடங்கின்போது அதே தொடர் மறுபடியும் ஒளிபரப்பானது. அதே காயங்களும் மறுபடியும் வந்தன. தொடரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் இல்லாமற்போனதே குறை.

இனி வில்லுக்கு வருவோம். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு மூன்றடி நீளமுள்ள வில் போதுமானது. அதற்குக் குறைந்த வயதினருக்கு வில் வேண்டாம். விதிகளை மனத்தில் இருத்தும் பக்குவம் அவர்களுக்கு இல்லை. நம் காடுகளில் எங்கு நோக்கினும் நிற்கும் சீமைக் கருவேலம் கோணலும் முள்ளுமாய் வளர்வது. அதில் நேரான கம்பைத் தேடி அலைவது வீண். புளிய விளார் நன்றாக வளையும். (அந்த விளாரைப் பள்ளிக்கூடத்தில் வேறு வகையில் அறிந்தவர்கள் நம்மில் பலர் உண்டு.) ஆயினும் பச்சை விளார் வளைத்தபடியே நின்றுவிடும்; நிழலில் சில வாரங்கள் உலர்த்திய பிறகே அதைக் கையாள வேண்டும். எல்லாவற்றினும் எளியது மூங்கில். ஏணிக்கும் கூடைக்கும் மூங்கில் விற்கும் கடையில் முற்றிய, உலர்ந்த பிளாச்சு ஒன்று கேட்டு வாங்குங்கள். ஓரங்குல அகலம், கால் அங்குலத் தடிப்பு இருந்தால் போதும்.

மூங்கிலின் வலிமை அதன் தோலில் இருக்கிறது. வில் வளையும்போது இழுபடுவது வெளிப்புறம். ஆகவே தோலுள்ள பக்கம் எய்பவனுக்கு எதிர்ப்புறமாக அமைய வேண்டும். அத்தோலில் கத்தி படவே கூடாது. சிறு கீறல் விழுந்தாலும் அந்த இடத்திலேயே வில் முறியும். செதுக்க வேண்டியது உட்புறத்தை மட்டுமே. நடுவில் நான்கு விரல் இடத்தைப் பிடிக்காக அப்படியே விட்டுவிட்டு, அங்கிருந்து இரு முனைகளை நோக்கியும் சிறுகச் சிறுகத் தடிப்பைக் குறைத்து வாருங்கள். பக்கவாட்டிலும் செதுக்கி, முனையின் அகலம் அரை அங்குலமாக ஆகட்டும். கூர்மையான விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடுங்கள். மூங்கிற் சிராய் பிஞ்சு விரலில் ஏறினால் எடுப்பது கடினம்.

முனையிலிருந்து ஓரங்குலம் தள்ளி, இரு பக்க விளிம்பிலும் நாண் தங்குமாறு சிறு வெட்டுகள் வெட்டுங்கள். நாணுக்கு நைலான் வேண்டாம்; அது விரலை அறுக்கும். தறிகள் நிறைந்த அருப்புக்கோட்டையில் பருத்தி நூலுக்குப் பஞ்சமா? பல இழைகளைச் சேர்த்து மூன்று புரியாக முறுக்கினால் உறுதியான நாண் கிடைக்கும். நாண் ஏற்றிய வில்லின் பிடிக்கும் நாணுக்கும் இடையே நான்கு அங்குலம் இருந்தால் சரி.

இப்போதுதான் முக்கியமான வேலை. வில்லின் பிடியைச் சுவரிலுள்ள ஒரு முளையில் மாட்டி, நாணை மெல்லக் கீழே இழுத்து, சற்றுத் தொலைவில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். இரு கைகளும் ஒரே அளவாய் வளைகின்றனவா? ஒரு பக்கம் விறைத்து நின்றால் அந்தப் பக்கத்தையே செதுக்க வேண்டும். நன்கு வளையும் பக்கத்தைத் தொடக் கூடாது. அதன்பின் இரண்டு கிலோ அரிசியை ஒரு பையிலிட்டு நாணில் தொங்கவிடுங்கள். நாண் ஒரு சாண் அளவு கீழிறங்கினால் வில் குழந்தைக்கு ஏற்றது. இறங்காவிடில் இன்னும் செதுக்குங்கள்.

இவ்விடத்தில் பிள்ளைகள் மன்றாடுவார்கள். நூற்பாலையில் வேலை செய்யும் ஒரு தந்தை தம் விடுப்பு நாளில் வேப்பமர நிழலில் அமர்ந்து செதுக்கிக்கொண்டிருந்ததை ஒருமுறை பார்த்தேன். "அப்பா, போதும்ப்பா, இன்னும் கொஞ்சம் வெறப்பா இருக்கட்டும்ப்பா" என்று மகன் கெஞ்சினான். "உன் கை பெருசாகட்டும்டா, வேற செய்வோம்" என்று சொல்லிவிட்டு அவர் தொடர்ந்து செதுக்கினார். வன்மையான வில்லை இழுக்க இயலாத குழந்தை கையை நடுங்கவிடும். நடுங்கும் கையிலிருந்து புறப்படும் அம்பு எங்குச் செல்லும் என்று யாராலும் கூற முடியாது.

அம்புக்கு நம் கரிசல் மண்ணே வழி செய்திருக்கிறது. காய்ந்த சோளத்தட்டையில் ஒன்றரை அடி நீளமுள்ள நேரான துண்டை எடுத்து, தோகையை உரித்துவிடுங்கள். பின்முனையில் நாண் பொருந்த ஒரு வெட்டு. தட்டை பிளக்காதிருக்க அதற்குக் கீழே நூலால் இறுகச் சுற்று. முன்முனையில் பஞ்சை வைத்துப் பழந்துணியால் உருண்டையாகக் கட்டுங்கள். அவ்வுருண்டை பெரிய எலுமிச்சம் பழத்திற்குக் குறையாமல் இருக்கட்டும். கண்குழியைச் சுற்றியுள்ள எலும்பு விளிம்பு அதைத் தடுத்து நிறுத்தும் என்பதே காரணம். முன்பாரம் இருப்பதால் இறகு கட்டாமலேயே அம்பு ஓரளவு நேராகச் செல்லும். பத்துப் பன்னிரண்டு அடிக்கு அது தாராளம்.

வைக்கோல் அடைத்த பழைய சாக்கே இலக்கு. தரையில் ஒரு கோடு கிழித்து, எய்பவர், பார்ப்பவர் அனைவரும் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். எல்லாரும் எய்து முடித்த பிறகே அம்பைப் பொறுக்கச் செல்ல வேண்டும். மனிதரையோ ஆடுகோழிகளையோ விளையாட்டுக்கும் குறிபார்க்கக் கூடாது. மீறினால் அன்று முழுவதும் வில் பரண்மேல். அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவதையும் தடுங்கள். வில் விரைவில் முறிந்துவிடும்.

பெண்பிள்ளைகளை ஒதுக்கிவிடாதீர்கள். ஜார்க்கண்டில் இராஞ்சியை அடுத்த சிற்றூரில் 1994 இல் பிறந்த தீபிகா குமாரி, ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். மாங்காய்களைக் கல்லால் குறிபார்த்தும், மூங்கிலால் செய்த வில்லைக்கொண்டும் பழகியவர், 2010 இல் தில்லியில் நடந்த காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். நம் குழந்தைகள் பதக்கம் வாங்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எளிய மூங்கில் வில்லை ஏளனமாக எண்ண வேண்டாம் என்பதற்காகவே சொல்கிறேன்.

எத்தனை கவனமாயிருந்தும் எவர் கண்ணிலாவது ஏதேனும் பாய்ந்துவிட்டால், கண்ணைக் கசக்கவோ கழுவவோ, குத்தியிருப்பதைப் பிடுங்கவோ கூடாது. தாய்ப்பால் விடுதல், பச்சிலை பிழிதல் ஆகிய வழக்கங்கள் இன்னும் சில வீடுகளில் உள்ளன. அவை அறவே கூடாது. ஒரு சிறு காகிதக் குவளையைக் கண்மேல் அழுத்தாமல் கவிழ்த்து ஒட்டி, அன்றே, அப்போதே கண் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான், டாக்டர் கோ. வெங்கடசாமி 1976 இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அங்கே இருக்கிறது. வலி குறைந்துவிட்டதே என்று மறுநாள்வரை காத்திருந்தால் பார்வை பறிபோகலாம்.

மாலையில் ஆட்டம் முடிந்ததும் நாணின் ஒரு முனையைக் கழற்றி, வில்லை வெயில் படாத சுவரில் மாட்டி வைக்கப் பிள்ளையையே பழக்குங்கள். நாணேற்றியபடியே கிடக்கும் வில் தன் விசையை இழந்துவிடும். அடுத்த கோடைக்குள் அவன் நாலு விரல் வளர்ந்திருப்பான். இந்த வில் தங்கைக்குப் போகும். நீங்கள் மறுபடியும் மூங்கில் கடைக்குப் போக வேண்டியிருக்கும்.