பிலிப்பைன்சுச் சுவரோவியமும் அதன் முன்வரைவும்

சுவரோவியம் ஒன்றை ஆராயப் புகுவார் பெரும்பாலும் முற்றுப்பெற்ற ஓவியத்தையே நோக்குவர். அதற்கு முன் தாளில் எழுந்த வரைவினை நோக்குவார் சிலரே. வண்ணம் தீட்டப்பெறாது கோட்டளவில் நிற்கும் ஓவியத்தைப் பண்டைத் தமிழர் 'புனையா ஓவியம்' என வழங்கினர். அத்தகைய முன்வரைவினை முடியாத படைப்பென்று ஒதுக்குதல் பொருந்தாது; ஓவியரின் கொள்கை முடிவுபெறும் இடம் அதுவே. இதனைப் பிலிப்பைன்சு நாட்டு ஓவியர் கார்லோஸ் பிரான்சிஸ்கோவின் நெறிகொண்டு ஈண்டு விளக்குவாம்.

'போத்தோங்' என மக்கள் அழைத்த இவர், 1912ஆம் ஆண்டு, லகூனா ஏரிக் கரையிலுள்ள அங்கோனோ என்னும் ஊரிற் பிறந்தார். 1969இல் அவ்வூரிலேயே மறைந்தார். ஆண்டுதோறும் நவம்பர் 23ஆம் நாள், அவ்வூர்க் காவலரான தூய கிளமெந்தின் திருவுருவம் ஏரியிற் படகேறி உலா வரும். காகிதக் கூழாற் செய்த பேருருவப் பாவைகள் தெருக்களில் ஆடிவரும். இவ்விழாக்கூட்டமே அவர்தம் கலைக்கு ஊற்றுக்கண் எனலாம்.

அவர் இளமையில், பெர்னாண்டோ அமோர்சோலோவின் ஒளிநிழல் ஓவியமுறை அந்நாட்டிற் பெருவழக்காய் இருந்தது. பிரான்சிஸ்கோவோ விக்டோரியோ எடாடெஸ், காலோ ஒகாம்போ ஆகியோருடன் கூடிப் புதுநெறி கண்டார். ஒளியும் நிழலும் காட்டி ஆழத்தைத் தோற்றுவிப்பதை விடுத்து, வளைந்தோடும் கோட்டினையும் தட்டையான செறிந்த வண்ணத்தையும் அவர் மேற்கொண்டார்.

இனி, முன்வரைவின் தொழிலைக் காண்பாம். பேரோவியம் வரைவோர் முதற்கண் சிறு தாளில் உருவக்கூட்டங்களை வகுப்பர். பின் அதன்மேற் கட்டங்கள் இட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் அளவு பெருக்கிக் கித்தானிலோ சுவரிலோ பெயர்த்தெழுதுவர். எவ்வுருவம் எதனையடுத்து நிற்கும், பார்ப்பவர் கண் எவ்வழிச் செல்லும் என்பனவெல்லாம் தாளிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். பேரோவியத்தில் இவற்றை மாற்றுதல் அரிது.

நாட்டுப்புறச் சார்பு என்பது ஊரார் உடையும் மூங்கிலும் வலையும் தீட்டுவதே என்பார் உளர். அஃது உண்மையாயின், அப்பொருள்கள் இல்லாவிடத்து அச்சார்பும் மறைதல் வேண்டும். பிலிப்பைன்சுப் பொது மருத்துவமனைக்கென 1953இல் அவர் வரைந்த 'பிலிப்பைன்சில் மருத்துவ வளர்ச்சி' என்னும் நான்கு ஓவியங்கள், பண்டை மருத்துவம் முதல் இக்கால மருத்துவம் வரை காட்டுவன. இறுதி ஓவியம் இக்கால மருத்துவத்தைப் பற்றியதாயினும், உருவங்கள் நெருங்கித் தொடரும் விழாக்கூட்ட அமைதி அதன்கண்ணும் குன்றவில்லை. ஆகவே, நாட்டுப்புறச் சார்பு பொருளினும் அடைவிலேயே உறைகின்றது என்பது எம் கருத்து. அவ்வடைவு பிறக்குமிடம் முன்வரைவே.

இதற்குப் பெருஞ்சான்று மணிலா நகர மன்றத்திற்கென நகரத்தலைவர் வில்லேகாஸின் வேண்டுகோளால் 1964இல் தொடங்கி 1968இல் முடிந்த பேரோவியத் தொகுதி. பிலிப்பைன்சு மக்கள் போராட்ட வரலாற்றை உணர்த்தும் அதில், நூற்றாண்டுகளைப் பிரிக்கும் சட்டங்கள் இல்லை. புகையும் தீயும் நீரோட்டமும் வளைந்து சென்று ஒரு நிகழ்ச்சியை மற்றொன்றோடு பிணைக்கின்றன. வரலாறு, ஏரியில் ஊர்ந்து செல்லும் ஓர் உலாவாகவே நம்முன் கடந்து செல்கின்றது.

1965இல் அங்கோனோ அருகே, பாறையிற் கீறிய 127 தொல்லுருவங்களை இவரே கண்டு உலகறியச் செய்தார். அவற்றினின்று இவர்தம் கோட்டுமுறை தோன்றியது எனல் பொருந்தாது. அதற்குப் பல்லாண்டு முன்னரே அம்முறை முதிர்ந்திருந்தது. கோட்டிலே பயின்ற கண்ணே அக்கோடுகளை அடையாளம் கண்டது எனக் கொள்ளுதலே தகும்.

1973இல் அந்நாடு இவர்க்குத் தேசியக் கலைஞர் என்னும் சிறப்பை மறைவிற்குப் பின் அளித்தது. நகர மன்ற ஓவியம் 1996இலும், மருத்துவ ஓவியங்கள் 2011இலும் தேசியப் பண்பாட்டுச் செல்வங்கள் என அறிவிக்கப்பெற்றன. அவை முன்னைய இடம் விட்டுத் தேசிய அருங்காட்சியகத்தின் காப்பிற்கு வந்துள்ளன. எனினும் ஈரமும் ஒளியும் காலமும் வண்ணத்தை மாற்றும். பழுது பார்ப்போர் தூரிகையும் மேற்பரப்பை மாற்றக்கூடும். அந்நிலையில், ஓவியர் முதலில் கருதியது யாது என்று சொல்லவல்ல சான்று தாளில் நிற்கும் கோடே. ஆதலின் பேரோவியத்தைப் போற்றும் நாடு அதன் முன்வரைவுகளையும் ஒப்பப் போற்றுதல் கடன் என்க.