விடுபட்ட பாதி வாக்கியம்

ஸ்டேஷன் வாசல் – 9

"மடியில கனமில்ல, நமக்கென்ன பயம்னு நெனச்சுத்தான் சார் தனியாப் போனேன்."

என் அலுவலக பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னவர், ஒரு சிறிய ஊரில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. வயது ஐம்பத்திரண்டு. உள்ளங்கை ரேகைகளில் கிரீஸ் கறுப்பு படிந்திருந்தது. அதுவரை கோர்ட் வாசலை மிதித்ததில்லை. அன்று அவர் கையில் இருந்தது, சங்கிலிப் பறிப்பு வழக்கு ஒன்றில் தன் பெயரும் சேர்க்கப்படப் போகிறது என்ற தகவல்.

நடந்தது இதுதான். ஒரு நாள் காலையில் இரண்டு பையன்கள் ஒரு பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து, "பஞ்சர் ஒட்டி வைங்க, சாயங்காலம் எடுத்துக்கிறோம்" என்று விட்டுப் போயிருக்கிறார்கள். சாயங்காலம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து, காசு கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வாரம் அந்த வண்டி போலீஸ் கையில் சிக்கியது. ஸ்டேஷனிலிருந்து அண்ணாச்சிக்கு போன்: "சின்ன விசாரணைதான், ஒரு பத்து நிமிஷம் வந்துட்டுப் போங்க."

காலை பத்து மணிக்குப் போனவர் வீடு திரும்பியபோது ராத்திரி ஒன்பது. யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. டீ கூட வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். தெரிந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னார். ரைட்டர் எழுதிக்கொண்டார். கிளம்பும்போது காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். கூடவே மூன்று வெள்ளைத்தாள்களிலும்.

அவர் வாய்விட்டுச் சொன்னது: "பையன்க வண்டியை விட்டுட்டுப் போனாங்க, பஞ்சர் ஒட்டி வச்சேன். ரெண்டு நாள் கழிச்சு வந்து எடுத்துட்டுப் போனாங்க."

தாளில் ஏறியிருந்தது: "மேற்படி வாகனத்தை இரண்டு நாட்கள் என் வசம் வைத்திருந்து, பின்னர் மேற்படி நபர்களிடம் ஒப்படைத்தேன்."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். இரண்டாவது வாக்கியத்தில் பொய் என்று சுட்டிக்காட்ட ஒரு சொல் இல்லை. வண்டி இரண்டு நாள் அவரிடம் இருந்தது உண்மை. திருப்பிக் கொடுத்ததும் உண்மை. ஆனால் 'பஞ்சர்' காணாமல் போய்விட்டது. அந்த ஒரு சொல் போனதும், கடைக்காரர் கூட்டாளி ஆகிவிட்டார்.

ஒரு தப்பும் செய்யாதவருக்கு போலீஸ் விசாரணையின்போது வக்கீல் எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இந்த ஒரு சொல்தான். நீங்கள் உண்மையைச் சொன்னீர்களா என்பது மட்டும் போதாது. சொன்னது முழுதாகத் தாளில் ஏறியதா என்பதுதான் பிற்பாடு உங்கள் தலையெழுத்து.

இது பஞ்சர் கடையோடு நிற்கிற விஷயமும் அல்ல. தமிழ்நாடே அறிந்த ஒரு வழக்கில், விடுபட்ட பாதி வாக்கியம் ஒரு மனிதரைத் தூக்குமேடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

1991 ஜூன் 11. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சி.பி.ஐ. தேடி வந்தபோது பேரறிவாளனுக்கு வயது 19. சென்னை பெரியார் திடலில் மகனை ஒப்படைத்தவர்கள் பெற்றோர். விசாரித்துவிட்டு மறுநாள் அனுப்பிவிடுவதாகச் சொல்லித்தான் அழைத்துப் போனார்கள் என்று அவருடைய தாயார் அற்புதம்மாள் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்த 'மறுநாள்' வருவதற்கு 31 ஆண்டுகள் ஆயின.

அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு, இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது. அதற்குப் பெரும் ஆதாரமாக நின்றது, தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 15-வது பிரிவில் பதிவு செய்யப்பட்ட அவரது ஒப்புதல் வாக்குமூலம். சாதாரணச் சட்டத்தில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. தடாவில், எஸ்.பி. அந்தஸ்தில் இருக்கும் அதிகாரி பதிவு செய்தால் செல்லும். 1998 ஜனவரியில் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்குத் தூக்கை உறுதி செய்தது. அந்த நால்வரில் பேரறிவாளன் ஒருவர்.

வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி வி. தியாகராஜன், ஓய்வு பெற்ற பின் 2013-ல் வெளிப்படையாகப் பேசினார். பேட்டரி வாங்கிக் கொடுத்ததாகப் பேரறிவாளன் சொன்னார். ஆனால் அது எதற்காக என்று தனக்குத் தெரியாது என்பதையும் சேர்த்தே சொன்னார். அந்தப் பின்பாதியைத் தான் எழுதவில்லை என்றார். பிறகு இதையே உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் தாக்கல் செய்தார்.

2014-ல் தூக்கு ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2022 மே 18 அன்று, அரசமைப்புச் சட்டத்தின் 142-வது பிரிவைப் பயன்படுத்தி உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. குற்றவாளி என்ற தீர்ப்பு ரத்து செய்யப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நம் கேள்விக்கு அது குறுக்கே நிற்காது. ஒரு வாக்கியத்தின் முன்பாதி தாளில் ஏறியது, பின்பாதி ஏறவில்லை. எழுதியவரே ஒப்புக்கொண்டார். அந்த அறையில் அந்தப் பையனுக்காக, "ஐயா, பின்பாதியையும் எழுதுங்கள்" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

தடா 1995-ல் காலாவதியாகிவிட்டதே, இப்போது போலீஸிடம் சொன்னது செல்லாதே, பிறகு என்ன பயம் என்று கேட்கலாம். இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-வது பிரிவும் பழைய சட்டத்தைப் போலவே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்கு நேராகத் தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். நம் ஊர் வழக்குக் கட்டுகளைப் புரட்டியவர்களுக்கு அந்த வாசகம் மனப்பாடம்: "என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்த இடத்தைக் காட்டி, எடுத்து ஆஜர்படுத்துகிறேன்." கீழே சாட்சிகளாகக் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் கையெழுத்திட்டிருப்பார்கள். பத்து வழக்கில் பத்து மனிதர்கள், வெவ்வேறு ஊர், வெவ்வேறு சாதி, வெவ்வேறு படிப்பு. பேசியது மட்டும் ஒரே மாதிரி இருக்கும். பஞ்சர் கடை அண்ணாச்சியின் வெள்ளைத்தாள்களை நினைத்து நான் பயந்தது இதனால்தான்.

குற்றமற்றவர்கள் ஏன் வக்கீல் வேண்டாம் என்கிறார்கள்? அமெரிக்காவில் சால் காசின் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடன் பணியாற்றியவரும் ஒரு சோதனை செய்தார்கள். சிலரை 100 டாலரைத் திருடுவது போல நடிக்கச் சொன்னார்கள். சிலரைச் சும்மா அறைக்குள் போய்வரச் சொன்னார்கள். பிறகு விசாரணை அதிகாரி ஒருவர் வந்து, மௌனமாக இருக்கவும் வக்கீல் வைத்துக்கொள்ளவும் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்டார். 2004-ல் வெளியான முடிவு இது: திருடியவர்களில் 36 சதவீதம் பேர் விட்டுக்கொடுத்தார்கள், திருடாதவர்களில் 81 சதவீதம் பேர். தப்பு செய்தவன் வாயைக் கட்டுகிறான். செய்யாதவன், தன் உண்மையே தன்னைக் காப்பாற்றும் என்று நம்பி மனதைத் திறந்து கொட்டுகிறான். நம் அண்ணாச்சியின் 'மடியில் கனமில்லை'தான் அங்கேயும் பேசியிருக்கிறது.

நம் சட்டம் என்ன கொடுக்கிறது என்று பார்ப்போம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்ட யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 20(3). கைதானவருக்குத் தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையைக் கொடுக்கிறது 22(1). இவை ஸ்டேஷன் அறைக்குள்ளும் செல்லுபடியாகுமா என்ற கேள்வியை எழுப்பியவர் ஒரு முன்னாள் முதலமைச்சர். ஒடிசாவின் நந்தினி சத்பதி. 1977-ல் கட்டாக்கில் விஜிலென்ஸ் போலீஸ் நிலையத்துக்கு அவரை அழைத்து, நீண்ட கேள்விப் பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். பதில் சொல்ல மறுத்தார். அதற்காக அவர் மீது வழக்குப் போட்டார்கள். 1978-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, மௌன உரிமை கோர்ட் கூண்டில் மட்டுமல்ல, போலீஸ் விசாரணையிலும் உண்டு என்றது. விசாரிக்கப்படுபவர் கேட்டால் வக்கீலை உடன் இருக்க அனுமதிக்க வேண்டும் என்றும், ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னதே சட்டத்துக்கு விரோதம் என்றும் சொன்னது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இவற்றில் பல எழுத்தாகவே இருக்கின்றன. சாட்சியாக அழைப்பதென்றால் எழுத்து மூலம் அழைக்க வேண்டும்; பெண்கள், 15 வயதுக்குக் குறைந்தவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயில் இருப்பவர்களை அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும். இது 179-வது பிரிவு. கேட்கும் கேள்விகளுக்கு உண்மையான பதில் சொல்ல வேண்டும். ஆனால் தன்னைக் குற்றச்சாட்டில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்கிறது 180. அப்படிப் பதிவாகும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்கிறது 181. கைதானவர் விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், ஆனால் விசாரணை நேரம் முழுதும் அல்ல என்கிறது 38.

அந்த 'முழுதும் அல்ல' என்பது ஒரு குறைதான். சில வழக்குகளில் உச்ச நீதிமன்றம், வக்கீல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில் இருக்கலாம் என்று அனுமதித்திருக்கிறது. அதுவும் சின்ன விஷயமல்ல. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கறுப்புக் கோட்டு ஒன்று உட்கார்ந்திருந்தால், உள்ளே ஒரு கை ஓங்குவதற்கு முன் யோசிக்கும்.

"வக்கீலோட போனா, இவன்தான் செஞ்சிருப்பான்னு நினைச்சுட மாட்டாங்களா?" என்று கேட்காதவர்கள் இல்லை. நினைக்கலாம். நல்ல போலீஸ்காரர்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருக்கே அந்த எண்ணம் உண்டு. ஆனால் சந்தேகத்தை வைத்துக் கோர்ட்டில் குற்றத்தை நிரூபிக்க முடியாது. தாளில் இருப்பதை வைத்துத்தான் முடியும். சந்தேகம் நாலு நாளில் தீரும். தப்பாக எழுதப்பட்ட ஒரு வரியை அழிக்க நாலு வருஷம் ஆகும்.

விபத்தைப் பார்த்தவர், திருட்டுக் கொடுத்தவர், புகார் தரப் போகிறவர் எல்லோரும் வக்கீலோடுதான் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போலீஸுக்குத் தகவல் சொல்ல நாலு பேர் இல்லையென்றால் ஊரில் நியாயம் நிற்காது. கவனிக்க வேண்டியது, கேள்விகள் திசை மாறும் இடத்தை. "என்ன பார்த்தீங்க?" என்பது "நீங்க எங்க இருந்தீங்க?" என்று மாறினால், "யாரு வந்தாங்க?" என்பது "உங்ககிட்ட எப்படி வந்தது?" என்று மாறினால், நீங்கள் சாட்சி நாற்காலியிலிருந்து வேறு நாற்காலிக்கு நகர்த்தப்படுகிறீர்கள். அப்போது மரியாதையாகச் சொல்லலாம்: "சார், ஒத்துழைக்கிறேன். என் வக்கீல் வந்ததும் பேசுறேன்." அது குற்றமும் அல்ல, அவமரியாதையும் அல்ல.

காசு? இதுதான் ஏழை வீட்டில் முதலில் வரும் கேள்வி. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கைதுக்கு முந்தைய விசாரணைக் கட்டத்திலேயே இந்த உதவி கிடைக்க வேண்டும் என்று தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2019-ல் நெறிமுறையும் வகுத்திருக்கிறது. அழைக்க வேண்டிய எண் 15100.

அண்ணாச்சியை நாங்கள் மீட்டது ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்து. கடையில் தினக்கணக்கு எழுதும் நோட்டு. அந்தத் தேதியில், கிரீஸ் விரல் பதிந்த பக்கத்தில், அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: "பைக் பஞ்சர் 1 – பாக்கி." இரண்டு நாள் தள்ளி அதற்கு நேரே 'வரவு' என்று ஒரு டிக். வாக்குமூலத்தில் விடுபட்ட பாதி வாக்கியம் அங்கே இருந்தது. அதைக் காட்டி முன்ஜாமீன் வாங்கினோம். குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் வரவில்லை. அதற்குள் எட்டு மாதம் கடை பாதி நாள் பூட்டிக்கிடந்தது. மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் தள்ளிப்போனது.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது கடையில் இறங்கினேன். அண்ணாச்சி இல்லை, அவர் மனைவி இருந்தார். காலண்டருக்குப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் பெரிதாக 15100 என்று எழுதியிருந்தது. "அது யார் நம்பருன்னு வர்றவங்க எல்லாம் கேக்குறாங்க சார், நானும் சொல்லிட்டேதான் இருக்கேன்" என்றார் அந்த அக்கா. பிறகு மேசை டிராயரைத் திறந்து பழைய நோட்டை எடுத்துக் காட்டினார். பிளாஸ்டிக் உறை போட்டு, நிலப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

(தொடரும்)

அடுத்த வாரம்: 24 மணி நேரம் – கைதுக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் இடையில்