அச்சத்தைக் கண்டு அஞ்சலாமா?

மாணிக்கவாசகர் தில்லையில் அருளிய அச்சப்பத்தைப் பாராயணம் செய்யும் அன்பர்களுக்கு ஒரு செய்தி புலப்படும். அச்சம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடவில்லை. பாம்பு, களிறு, புலி, இடி, பிணி என மனிதர் அஞ்சும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயரிட்டு, அவற்றுக்கெல்லாம் தாம் அஞ்சவில்லை என்றும், இறைவன்பால் அன்பில்லாதவரைக் காணவே அஞ்சுவதாகவும் பாடுகிறார்.

முதுமையில் பலரைப் பிடிக்கும் அச்சத்துக்கோ இத்தகைய பெயர் எதுவும் இருப்பதில்லை. எதிரே பாம்பும் இல்லை, களிறும் இல்லை. பிரதோஷக் கூட்டத்தில் நந்தியின் அருகே நிற்கும்போதோ, நள்ளிரவில் விழிப்புத் தட்டும்போதோ, நெஞ்சு திடீரென அடித்துக்கொள்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது, மூச்சு போதவில்லை, விரல்கள் மரத்துப்போகின்றன, இதோ உயிர் பிரியப் போகிறது என்ற எண்ணம் எழுகிறது. சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஆனால் மீண்டும் வந்துவிடுமோ என்ற கவலை அடங்குவதில்லை.

இத்துயரை அனுபவிப்பவர் பெரும்பாலும் இரண்டு முடிவுகளுக்கு வருகிறார். ஒன்று, இது மாரடைப்பு என்பது. மற்றொன்று, தம் பக்தியில் ஏதோ குறை இருக்கிறது, இல்லாவிட்டால் சந்நிதியிலேயே இப்படி நடுங்குமா என்பது. இந்த இரண்டாவது முடிவே மிகுந்த வேதனை தருவது. ஏனெனில் அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடிவதில்லை. முதலில் திருவிழாக் கூட்டத்தைத் தவிர்க்கிறார்கள். பிறகு பிரதோஷம் நின்றுபோகிறது. பின்னர் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குக்கூடத் துணை தேவைப்படுகிறது. நாற்பது ஆண்டுகள் தவறாமல் தரிசனம் செய்தவர், வாசல் திண்ணையோடு நின்றுவிடுகிறார்.

முதல் முடிவை ஒருபோதும் அலட்சியம் செய்யலாகாது. இத்தகைய படபடப்பு முதன்முறையாக வந்தால், அது மனத்தின் வேலையென்று வீட்டிலிருப்போர் தாமே தீர்மானிப்பது தவறு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை இருந்தால் 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குச் செல்வதே முறை. முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமலும் வரக்கூடும். தைராய்டு மிகுதி, இரத்தசோகை, சர்க்கரை அளவு சட்டென இறங்குதல், இதயத்துடிப்பின் ஒழுங்கு கெடுதல், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து ஆகியனவும் இதே போன்ற படபடப்பைத் தரும். மாலை ஐந்து மணிக்கு அருந்தும் இரண்டாம் டம்ளர் டிகிரி காப்பியையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்!

பரிசோதனைகள் முடிந்து, உடலில் நோயில்லை என மருத்துவர் உறுதி கூறிய பின்னரும் படபடப்பு தொடர்ந்தால் என்ன செய்வது? இதற்கு விடை கண்டவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலிய மருத்துவர் கிளேர் வீக்ஸ் அம்மையார். 1903-ஆம் ஆண்டு பிறந்த அவர், இளமையில் தமக்குக் காசநோய் என்று தவறாகச் சொல்லப்பட்டதால் பெரும் கலக்கத்துக்கு ஆளானார். நோயில்லை என்று தெரிந்த பிறகும் நெஞ்சுப் படபடப்பு அவரை விடவில்லை. முதல் உலகப்போரில் போரிட்ட நண்பர் ஒருவர், பதுங்குகுழிகளில் இருந்த வீரர்களுக்கும் அச்சத்தால் இதயம் அப்படித்தான் அடித்துக்கொண்டது என்று விளக்கினார். அந்த விளக்கமே அவருக்கு மருந்தாயிற்று. பின்னாளில் மருத்துவராகி, 1962-இல் நரம்புத் தளர்ச்சியால் வருந்துவோர் தமக்குத் தாமே உதவிக்கொள்ளும் வழியை நூலாக எழுதினார்.

அச்சத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். முதல் அச்சம் தானாகவே எழுவது. ஆபத்து இருப்பதாக மூளை எண்ணிவிட்டால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, மூச்சு வேகமெடுக்கிறது. வேகமாக மூச்சுவிடும்போது உடலிலுள்ள கரியமில வாயு குறைவதால் தலை சுற்றுகிறது, விரல்கள் மரக்கின்றன. இவையெல்லாம் ஓடித் தப்பிப்பதற்காக உடல் செய்துகொள்ளும் ஆயத்தங்கள். இரண்டாம் அச்சமோ, “ஐயோ, இது என்ன?” என்று மனிதர் தாமே சேர்த்துக்கொள்வது. அது மேலும் அட்ரினலினைச் சுரக்கச் செய்கிறது. அசலோடு நில்லாமல் வட்டிக்கு வட்டி ஏறும் கடன் போன்றது இது. இரண்டாம் அச்சத்தைச் சேர்க்காவிட்டால், முதல் அலை பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானே தணியத் தொடங்கும்.

ஆகவே அம்மையார் சொன்ன வழி: எதிர்கொள், ஏற்றுக்கொள், மிதந்து செல், காலத்திடம் விட்டுவிடு. இவற்றுள் மூன்றாவது சற்று விளங்கிக்கொள்ள வேண்டியது. ஆற்றில் இறங்கியவர் கைகால்களை உதறிப் போராடினால் மூழ்குவார். உடலைத் தளர்த்தினால் நீரே தாங்கும். படபடப்பு எழும்போது பல்லைக் கடித்து அதை அடக்க முயல்வதும் ஒருவகைப் போராட்டமே. கூட்டத்தில் அது வந்தால் வெளியே விரையாமல், மண்டபத் தூண் ஒன்றருகே அமர்ந்து, தோள்களைத் தளர்த்தி, “வந்திருக்கிறது; இருந்துவிட்டுப் போகட்டும்” என்று விட்டுவிடுவதே மிதத்தல்.

அவ்வேளையில் நாமஜபம் பெருந்துணை. இத்தாலிய ஆய்வாளர் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கிறிஸ்தவர்களின் ஜெபமாலைப் பிரார்த்தனையையோ பௌத்த மந்திரத்தையோ உச்சரித்தபோது, 23 பேரின் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற அளவுக்கு நிதானப்பட்டது. ஐந்தெழுத்தையோ எட்டெழுத்தையோ மெல்ல, நீண்ட வெளிமூச்சோடு சொல்வதும் மூச்சை அவ்வாறே நிதானப்படுத்தும். ஒன்று மட்டும் கவனம் தேவை. இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்கள் மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகத்தை மருத்துவரைக் கேளாமல் செய்யலாகாது. பக்கத்து வீட்டார் தரும் தூக்க மாத்திரையும் வேண்டாம். முதியோர் இரவில் தடுமாறி விழுவதற்கு அது காரணமாகும்.

பக்திக் குறைவால்தான் அச்சம் வருகிறது என்று வருந்துவோர், 1896-ஆம் ஆண்டு மதுரையில் நிகழ்ந்ததை நினைவுகூரலாம். சிற்றப்பாவின் வீட்டு மாடியறையில் தனித்திருந்த பதினாறு வயது வேங்கடராமனை, உடலில் நோயேதும் இல்லாதபோதே மரண பயம் பற்றியது. அவர் மருத்துவரைத் தேடவில்லை, பெரியவர்களை அழைக்கவில்லை. உடலைக் கட்டைபோல் கிடத்தி, இறப்பது எது என்று உள்ளே நோக்கினார். அவ்வாண்டே திருவண்ணாமலை சென்று ரமண மகரிஷி ஆனவர் அவர். அந்த அனுபவத்துக்கு மருத்துவப் பெயர் சூட்டுவது பொருந்தாது. ஞானியின் நிலை வேறு, இல்லறத்தாரின் நிலை வேறு. எனினும் மகானாகப் போகிறவரையும் அச்சம் வந்து பற்றியது என்பதும், அவர் அதைவிட்டு ஓடவில்லை என்பதும் ஆறுதல் தருவன அல்லவா?

கைவிட்ட தரிசனத்தை மீட்பது ஒரே நாளில் ஆகாது. கூட்டமில்லாத முற்பகல் வேளையில் கோபுர வாயில் வரை ஒரு வாரம், கொடிமரம் வரை மறுவாரம், பிறகு சந்நிதி என்று படிப்படியாகச் செல்வதே பயன் தரும். படபடப்பு எழுந்தால் அது தணியும்வரை அங்கேயே அமர்ந்திருந்துவிட்டுத் திரும்புவது முக்கியம். பாதியில் ஓடிவந்தால் அடுத்தமுறை அச்சம் இன்னும் வலுக்கும். உடன்வரும் மகனோ மருமகளோ, “இத்தனை கோயிலுக்குப் போயும் உங்களுக்குப் பயமா?” என்று கேளாதிருப்பதும் ஒரு தொண்டுதான். பல வாரங்கள் முயன்றும் தணியாவிட்டால், உறக்கமும் உணவும் குறைந்துவிட்டால், மனநல மருத்துவரை நாடுவதில் இழிவேதும் இல்லை. மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.