கண் கலங்கிற்று, கை எங்கே போயிற்று?

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. மாலை ஆறரை மணி. திருவரங்கத்திலிருந்து கல்லூரிக்கு வந்து போகும் இளைஞர் ஒருவர், எனக்கு நெடுநாள் பழக்கமானவர், கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "அண்ணே, இதை முதல்ல பாருங்க. அப்புறம் பேசுங்க" என்றார்.

பார்த்தேன். முட்டைக் கோழிப் பண்ணை. அடுக்கடுக்காய்க் கம்பிக் கூண்டுகள். ஒரு கோழிக்குக் கிடைத்த இடம், நாம் மனு எழுதும் தாளின் பரப்புக்கும் குறைவு. சிறகை விரிக்க வழியில்லை. ஒன்றையொன்று கொத்திக்கொள்ளக் கூடாதென்று அலகின் நுனியைத் தீய்த்திருக்கிறார்கள். அடுத்த காட்சி, குஞ்சு பொரிப்பகம். ஆணாய்ப் பிறந்த குஞ்சு முட்டையிடாது. முட்டையிடாத குஞ்சுக்குத் தீவனம் எதற்கு? பிறந்த நாளே இறந்த நாள்!

சுற்றி நின்ற நான்கு பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் 'ஐயோ பாவம்' என்றார். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருவருக்குக் கண் கலங்கியே விட்டது. பத்து நிமிடம் கழிந்தது. கண் கலங்கிய அதே மனிதர் கடைக்காரரைப் பார்த்து, "ஒரு முட்டை பப்ஸ் குடுப்பா" என்றார்!

சிரிக்காதீர்கள், நண்பர்களே. அவர் பொய்யாக அழவில்லை. கண்ணீரும் உண்மை, பசியும் உண்மை. ஆனால் அந்தக் கண்ணீரைக் கொண்டுபோய் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

காட்சியைக் காட்டினால் மனிதன் மாறிவிடுவான் என்ற நம்பிக்கை நமக்குப் புதிதல்ல. மேடையையும் வெள்ளித்திரையையும் ஆயுதமாக எடுத்த இயக்கம் இது. 1949இல் 'வேலைக்காரி', 1952இல் 'பராசக்தி'. கொட்டகையில் கைதட்டியவன் மறுநாள் காலை வேறு மனிதனாகி எழுந்தானா? இல்லை. படத்துக்கு முன்னும் பின்னும் படிப்பகம் இருந்தது. முடிதிருத்தும் கடையில் ஏடு உரக்கப் படிக்கப்பட்டது. தெருமுனையில் கூட்டம் நடந்தது. உறுப்பினர் சீட்டு நீட்டப்பட்டது. படம் கதவைத் தட்டிற்று. கதவு திறந்ததும் உள்ளே போக ஆள் தயாராக நின்றான்.

இந்தக் காலத்து ஆராய்ச்சியும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார், இறைச்சி குறித்த ஆவணப்படம் ஒன்றைப் போட்டுக் காட்டிச் சோதித்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். படம் முடிந்ததும் 'இனிக் குறைத்துக்கொள்வோம்' என்று எண்ணியோர் பெருகினர். பன்னிரண்டு நாள் கழித்து 'என்ன உண்டீர்கள்?' என்று கேட்டபோது, பார்த்தவர் இலைக்கும் பாராதவர் இலைக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. முட்டை பப்ஸ் திருச்சியில் மட்டும் விற்கவில்லை!

சரி, படம் ஒன்றுக்குமே ஆகாதா? அவசரப்படாதீர்கள். நம் நாட்டில் விலங்குப் படங்களை வைத்து நடந்த மிகப் பெரிய வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 சனவரியில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களில் விலங்கு நல வாரியத்தின் பார்வையாளர்கள் படமெடுத்தார்கள். வாலை முறுக்குவது, வாலைக் கடிப்பது, கூர்முனையால் குத்துவது, எல்லாம் அறிக்கையாயிற்று. அந்த அறிக்கை உச்ச நீதிமன்றம் சென்றது. 2014 மே 7 அன்று நீதிபதிகள் இராதாகிருஷ்ணனும் பினாகி சந்திர கோஷும் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தார்கள். படம் வென்றது!

எங்கே வென்றது? தில்லியில். பெரிய சூரியூரில் வென்றதா? திருச்சியை அடுத்த அந்த ஊரில் மாட்டுப் பொங்கலுக்குக் காளை அவிழ்ப்பார்கள். காளையைப் பிள்ளைபோல் வளர்த்து, தனக்கில்லாத பருத்திக்கொட்டையை அதற்கு வைக்கும் உழவனிடம் போய் யாராவது உட்கார்ந்து பேசினார்களா? மணப்பாறைச் சந்தைக்கு வந்து, 'அண்ணே, வாலைக் கடிக்காமல் இந்த விளையாட்டை நடத்த முடியாதா?' என்று கேட்டார்களா? எவருமில்லை. அவன் படத்தை அவனிடம் காட்டாமல், ஊருக்கெல்லாம் காட்டி, 'பாரடா கொடியவனை' என்றார்கள். விளைவு, 2017 சனவரியில் மெரினா! சென்னையில் மட்டுமா? திருச்சியிலும் மாணவர் தெருவுக்கு வந்தனர். சனவரி 23இல் சட்டமன்றம் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைச் செல்லும் என்றது.

அந்தச் சட்டத்தை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். அதற்காக, வாலைக் கடித்தது பொய் என்று எழுத என் பேனா ஒப்பவில்லை. கடித்தார்கள். இன்று காளைக்கு மருத்துவச் சோதனை, திமிலை மட்டுமே பிடிக்கவேண்டும் என்ற விதி, தடுப்புவேலி, ஆட்சியர் அனுமதி எல்லாம் இருப்பதில் அந்தப் படங்களுக்கும் பங்குண்டு. 'விளையாட்டை நிறுத்து' என்று கேட்டது தோற்றது. 'வாலை விடு' என்பது விதியாகி நின்றது.

நம் மாவட்டத்துக்கே இன்னொரு பழைய பாடம் உண்டு. 2003 ஆகஸ்டில், திருச்சி வட்டாரக் கோயில் ஒன்றில் எருமைகளைப் பலியிட்ட செய்தியை அடுத்து, 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டம் தூசு தட்டி எடுக்கப்பட்டது. பலியை ஆதரிப்பவனல்ல நான். ஆனால் ஆடு வெட்டும் குலதெய்வக் கோயிலுக்குள் காவலர் வந்து நின்றபோது, 'நெய்ப்பொங்கல் சாமிக்கு ஒரு நீதி, எங்கள் சாமிக்கு ஒரு நீதியா?' என்றல்லவா கிராமம் கேட்டது! 2004 பிப்ரவரியில் சட்டமே நீக்கப்பட்டது. ஆறு மாத ஆயுள்!

மறுபக்கமும் உண்டு. யானையின் அருமை திருவரங்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டாள் யானையைக் காணக் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வருகிற ஊர் அது. 2021 பிப்ரவரியில் தேக்கம்பட்டி நலவாழ்வு முகாமில், திருவில்லிபுத்தூர்க் கோயில் யானை செயமால்யதாவை மரத்தில் கட்டிப் பாகனும் உதவியாளனும் பிரம்பால் அடிக்கும் காணொளி வெளிவந்தது. யானை பிளிறிய பிளிறல் நாடெங்கும் கேட்டது. பாகன் பணியிடை நீக்கம், கைது, வழக்கு, எல்லாம் மளமளவென்று நடந்தன. ஏன் இத்தனை விரைவு? அடித்தவன் யார் என்று தெரிந்தது. தடுக்கவேண்டிய அதிகாரி யார் என்று தெரிந்தது. பார்த்தவன் எவனும் தன் உணவிலிருந்து எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இதையும் கேளுங்கள். 2022இல் அதே யானையைப் பற்றி மீண்டும் காணொளிகள் வந்தன. அசாம் 'எங்கள் யானையைத் திருப்பிக் கொடு' என்றது. 'நலமாயிருக்கிறது, பாருங்கள்' என்று நம் அதிகாரிகள் மறுகாணொளி விட்டார்கள். காணொளிக்கும் காணொளிக்கும் சண்டை. யானை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இத்தனையும் தேநீர் ஆறுமட்டும் அந்த இளைஞரிடம் சொன்னேன். அவர் விடவில்லை. "அப்ப இந்தக் கோழிப் படத்தை அழிச்சிடவாண்ணே?" என்றார்.

அழிக்காதே தம்பி. ஆனால் அதன் கடைசிக் காட்சியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாயா? 'முட்டையைத் துறந்திடு.' யாரைப் பார்த்துச் சொல்கிறாய்? சத்துணவுக் கூடத்தில் தட்டேந்தி நிற்கும் குழந்தையையா? 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கி, 2010இல் வாரத்துக்கு ஐந்தாக வளர்ந்தது அந்த முட்டை. கூலிக்காரன் மகளுக்கு அது புரதம். பலநாள் அவளுக்கு வேறு புரதமே இல்லை. இதை மறந்தால் உன் படம் எவன் கைக்குப் போகும் தெரியுமா? 2015இல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைக்கு முட்டை கூடாது என்று முதலமைச்சரே மறுத்தாரே, அந்தக் கைக்குப் போகும். அவர்கள் கவலைப்பட்டது கோழிக்காகவா?

குழந்தையை விட்டுவிட்டுக் கூண்டைப் பார். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டம், பதினொன்றாம் பிரிவு: அசைய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பது குற்றம். தண்டனை? முதல் முறைக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மிகாமல் அபராதம்! நீயும் நானும் குடித்த தேநீருக்கும் பப்ஸுக்கும் ஆன செலவு. 2017இல் மத்திய சட்ட ஆணையம் தன் 269ஆம் அறிக்கையில் இந்தக் கூண்டுகளைப் பற்றியே எழுதிற்று. அறிக்கை அலமாரியில், கோழி கூண்டில்.

நாமக்கல் பண்ணைகளின் பெரிய வாடிக்கையாளர் யார்? அரசு. சத்துணவுக்கு முட்டை வாங்குவது அரசு. இத்தனை கிராம் எடை வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதத் தெரிந்த அரசுக்கு, இத்தனை அங்குலக் கூண்டு வேண்டும் என்று எழுதக் கை வராதா? விலை சற்று ஏறும். அதை அரசு தாங்கவேண்டும், குழந்தையின் தட்டிலிருந்து பிடிக்கக் கூடாது. பண்ணைக்காரருக்கும் கூண்டை மாற்றக் கடனும் காலமும் வேண்டும். அவரும் வட்டிக்கு வாங்கித்தான் கொட்டகை போட்டிருக்கிறார்.

இளைஞர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இதையெல்லாம் நாலு வரியில எழுதி, படத்துக்குக் கடைசியில போட்டுறலாம்ணே. யார்கிட்ட குடுக்கறது?" என்றார்.

திங்கட்கிழமை, ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். காலையிலேயே வரிசை நீளும். மனுவை நான் எழுதிக்கொண்டு வருகிறேன் என்றேன். கண் கலங்கிய அந்த மனிதர் பப்ஸ் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.