வெயிலுக்குப் பழகும் நாற்று

பெங்களூர் சிவாஜிநகரில் 1927-ஆம் ஆண்டில் எழுந்த ரஸ்ஸல் சந்தைக்குக் காலையில் வந்திறங்கும் கீரைக் கட்டுகள் நண்பகலுக்குள் துவண்டுவிடுகின்றன. விற்போர் அடிக்கடி நீர் தெளித்து அவற்றைக் காக்க முயல்வர். மண்ணைப் பிரிந்த கீரைக்கு, இலைகள் ஆவியாக வெளிவிடும் நீரை ஈடுசெய்ய வழியில்லை. வயலில் நிற்கும் செடியோ அவ்வளவு எளிதில் தோற்பதில்லை. மண்ணில் ஈரம் குறையுங்கால் அதனுள் அப்சிசிக் அமிலம் என்னும் பொருள் மிகுகிறது. அதன் தூண்டுதலால் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. நீர் மிச்சமாகிறது. ஆயினும் கரியமிலவாயு உட்புகுவதும் அத்துளைகளின் வழியேயாதலால் உணவு தயாரிப்புக் குறைகிறது. நீர் ஆவியாவதால் இலைக்குக் கிடைத்துவந்த குளிர்ச்சியும் போய்விடுகிறது. ஆகவே, வறட்சியில் சிக்கிய செடி வெப்பத்தையும் கூடவே தாங்கவேண்டியதாகிறது.

மேட்டுநிலமாகிய பெங்களூரிலேயே 2016 ஏப்ரலில் வெப்பநிலை 39.2 டிகிரி சென்டிகிரேடை எட்டியது. இத்தகைய வெப்பத்தைத் தாங்கும் பயிர் இரகங்களைப் பிரித்தறிவது எங்ஙனம்?

இளஞ்செடிகளைக் கடும் வெப்பத்தில் வைத்து, பிழைப்பவற்றைத் தேர்ந்தெடுப்பதே நேரான வழி என்று தோன்றும். அவ்வாறு செய்தால் நல்லதும் தீயதும் ஒருங்கே மடியும். இரகங்களுக்கிடையே உள்ள வேற்றுமை புலப்படாது. சோயாமொச்சையில் 1980-களில் அமெரிக்காவில் நடந்த சோதனைகள் இதன் காரணத்தை விளக்கின. 28 டிகிரியில் வளர்ந்த நாற்றுகளை நேரே 45 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தபொழுது அவை மடிந்தன. முதலில் 40 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துப் பின்னர் 45 டிகிரிக்கு மாற்றியவையோ பிழைத்தன. மிதமான வெப்பம் ஓர் எச்சரிக்கையாக அமைந்து, வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைச் செடி உண்டாக்கிக்கொள்ளச் செய்தது. கொதிநீரில் முட்டையின் வெண்கரு உறைவதுபோல உயிரணுவின் புரதங்களும் கடும் வெப்பத்தில் உருக்குலையும். இப்புதிய புரதங்கள் அவற்றைத் தாங்கிப் பிடிக்கின்றன. இவ்வகைத் தூண்டலின் முதல் தடயத்தை 1962-இல் இத்தாலியரான ரித்தோசா கண்டது பழ ஈயில் என்பது நினைவுகூரத்தக்கது.

சிவாஜிநகருக்கு வடக்கே, பல்லாரிச் சாலையில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் வினையியல் ஆராய்ச்சியாளர்கள் இவ்வுண்மையைத் தேர்வு முறையாகவே மாற்றினர். உதயகுமாரும் அவருடைய குழுவினரும் கையாண்ட இம்முறையில், முளைவிட்ட நாற்றுகளுக்கு வெப்பம் படிப்படியாக உயர்த்தப்படுகிறது. பின்னர் கொல்லும் அளவிலான வெப்பம் தரப்படுகிறது. அதன்பின் சாதாரண நிலையில் வைத்து, பிழைத்தவை எத்தனை, அவை எவ்வளவு வளர்ந்தன என்று அளக்கப்படுகிறது. வயலிலும் வெயில் படிப்படியாகவே ஏறுகிறதாகையால் இதுவே இயற்கையை ஒத்த சோதனை. கே.பி.எஸ்.எச்.-1 என்னும் சூரியகாந்தி வீரிய ஒட்டின் பெற்றோர் வழிகளை இவ்வாறு சோதித்து, தாங்கும் நாற்றுகளைப் பிரித்தெடுத்து, வெப்பம் தாங்கும் ஒட்டினை உருவாக்கிய விவரம் 2003-இல் வெளியாயிற்று. ஒரே வழியைச் சேர்ந்த நாற்றுகளுக்குள்ளேயே வேற்றுமை எஞ்சியிருந்தது என்பது இதில் கவனிக்கத்தக்கது.

நாற்றுப் பருவச் சோதனையை மட்டும் நம்பி இரகத்தைப் பரிந்துரைப்பது தவறாகும். பல பயிர்களில் வெப்பம் மிகுதியாகத் தாக்குவது பூக்கும் பருவத்தை. மகரந்தம் கெட்டால், பசுமையாக நிற்கும் செடியிலும் மணி பிடிக்காது. வயற்சோதனை அவசியம்.

தக்காளி, மிளகாய் நாற்றுகளைப் பிடுங்குவதற்குச் சில நாட்களுக்கு முன் நீரைக் குறைத்து வெயில் காட்டும் வழக்கம் உழவரிடம் நெடுநாளாக உண்டு. இதனை ஏட்டறிவுக்கு வெளியே நிற்கும் வெறும் வழக்கமென்று ஒதுக்கலாகாது. முன்னெச்சரிக்கை பெற்ற செடி பின்வரும் துன்பத்தைத் தாங்குகிறது என்பதே இங்கும் அடிப்படை. ஆனால் இவ்வாறு பெற்ற வெப்பத் தாங்குதிறன் நீடிப்பதில்லை. மிதமான சூழலில் சில நாட்களில் குறைந்துவிடும். ஆகவே பழக்குதல் நடவை ஒட்டியே அமைய வேண்டும். அளவு மீறி வாட்டினாலோ நாற்று வளர்ச்சி குன்றி, நட்ட பின்னும் வேர் பிடிக்கத் தாமதமாகும்.